வாங்கவே கூடாத ஏழு சாமான்களும் ஒரு தவளையும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், நீதிக்கதைக் காடுகளுக்குப் பின்கோடு கிடையாது. குளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் முன்னூறு தவளைகள் இருந்தன. அதில் ஒருவன் பெயர் நீலமேகம். கதை இவனைப் பற்றியது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரைப் பற்றியும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நீலமேகத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. கீழ்க்கரையில் குவளை என்று ஒரு தவளைப் பெண் இருந்தாள். அவள் இவன் பாட்டைத் தனியாக ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று அவன் நம்பினான். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. நல்ல குரல். சும்மா புகழவில்லை, நிஜமாகவே நல்ல குரல். அடித்தொண்டையில் 'கொறக்' என்று எழும்பி, கன்னம் உப்பி, கடைசியில் ஒரு சின்ன நடுக்கத்தோடு முடியும். அந்த நடுக்கம் வேறு எந்தத் தவளைக்கும் வராது.

ஆனால் அந்த நடுக்கத்தை யார் கேட்டார்கள்? மழை பிடித்ததும் குளத்து ஆண்கள் நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள். நூற்றைம்பது பேரும் ஒரே பாட்டு, ஒரே வரி: நான்தான் பெரியவன். இதில் நீலமேகம் மட்டும் நடுங்கி என்ன ஆகப்போகிறது? இரண்டு மழைக்காலம் தொண்டை கிழியப் பாடினான். ஒரே ஒரு தடவை குவளை திரும்பிப் பார்த்தாள். அவன் பின்னால் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. அதை லபக்கென்று விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீலமேகம் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மூன்றாம் வருஷம் குளத்துப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருஷா வருஷம் இந்தக் கத்தலில் தலைவலி வந்ததுதான் மிச்சம், யார் குரல் எது என்றே தெரியவில்லை. ஆகவே இனிமேல் யாரும் குளத்தில் கத்தக் கூடாது. வரன் தேடும் ஆண்கள் தங்கள் குரலைத் தத்தம் வீட்டிலேயே பதிவுசெய்து, படிவத்தோடு சேர்த்து, கார்த்திகை கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். பெண்கள் நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவு சொல்வார்கள். படிவம் கொடுக்கவும் வாங்கவும் அலமேலு என்ற தேரையை ஒரு கல்மேல் உட்கார வைத்தார்கள். தேரைக்குக் கல்யாண ஆசை கிடையாது, அதனால் பாரபட்சம் பார்க்காது என்பது அவர்கள் எண்ணம்.

அறிவிப்பைக் கேட்டதும் நீலமேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. குவளை தன்னைத் தனியாகக் கேட்கப்போகிறாள். அழுதேவிட்டான். உடனே படிவம் வாங்க ஓடினான்.

படிவத்துக்கு வரிசை. தவளைகளுக்கு வரிசை என்பது ஒத்துவராத விஷயம். கடைசியில் நிற்பவன் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டால் ஒரே தாவலில் முதல் ஆளாகிவிடுவான். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வரிசை பதினொரு மணிக்குக் குளத்தின் மறுகரையில் இருந்தது. அலமேலு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

"பேரு?"

"நீலமேகம்."

"இனம்?"

"தவளைங்கம்மா."

"அதை நீ சொன்னா போதாது, சான்று வேணும். சரி, எதிர்ல நிக்கிற, கண்ணுக்குத் தெரியுது. விடு. பதிவு ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான். கொடுத்தப்புறம் திரும்ப வாங்கிட்டு வேற தரேன்னு வந்து நிக்கக் கூடாது. கத்தாம கையெழுத்துப் போடு."

கையெழுத்துப் போட்டுவிட்டு நீலமேகம் யோசித்தான். பதிவுசெய்ய என்னென்ன வேண்டும்? அவனிடம் இருந்தது ஒரு கைபேசி மட்டும். அதில் தேடிப் பார்த்தான். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

குளத்தங்கரை வேலியில் சபாபதி என்று ஓர் ஓணான் இருந்தார். 'வேலியோர விமர்சனம்' என்ற பெயரில் சாமான்களைப் பற்றிப் பேசிப் படம் பிடித்துப் போடுவார். அந்தக் காட்டில் யார் என்ன வாங்கினாலும் முதலில் சபாபதி என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். நேர்மையான ஓணான். பத்துப் பைசா கமிஷன் வாங்காதவர். இந்தக் கதையில் நடந்த எதற்கும் அவர் பொறுப்பில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அவர் போட்டிருந்த படத்தின் தலைப்பு: 'வீட்டில் ஒலிப்பதிவு, புதியவர்கள் வாங்கவே கூடாத ஏழு சாமான்கள்.'

"வணக்கம் மக்களே" என்று தொடங்கினார் சபாபதி. "முதல்ல இந்தக் கண்டென்சர் மைக். எறும்பு தும்முனாக்கூட இதுல விழும். உங்க ரூம் சரியில்லைன்னா உங்க குரலைத் தவிர ஊர்ச்சத்தம் மொத்தமும் விழும். ஆரம்பத்துல இது வேண்டவே வேண்டாம். கைபேசி போதும். ஒரு தாமரை இலையைத் தலைக்கு மேல போர்த்திக்கிட்டு அதுக்குள்ள உக்காந்து பாடுங்க. ஒரு மாசம் அப்படிப் பழகுங்க. எது குறையுதுன்னு தெரிஞ்சப்புறம் அதை மட்டும் வாங்குங்க."

இதைவிட நல்ல புத்தி யார் சொல்ல முடியும்? ஆனால் இதைச் சொல்லும்போது அவர் தலை மேலும் கீழும், மேலும் கீழும் ஆடியது. ஓணானுக்குத் தலை ஆடும். பிறந்ததிலிருந்து ஆடும். பொண்டாட்டி திட்டினாலும் ஆடும், பல்வலி வந்தாலும் ஆடும்.

நீலமேகம் படத்தை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தான். இங்கே தவளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவளைக் குலத்தில் வாய்ச்சொல்லுக்கு மரியாதை கிடையாது. நூற்றைம்பது வாய்கள் ஒரே குரலில் 'நான்தான் பெரியவன்' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதில் நூற்று நாற்பத்தொன்பது பேராவது பொய் சொல்கிறார்கள் என்று குஞ்சுத் தவளைக்கே தெரியும். அதனால் அவர்கள் வாயைக் கேட்க மாட்டார்கள், உடம்பைத்தான் பார்ப்பார்கள். கன்னம் எவ்வளவு உப்புகிறது, கால் எவ்வளவு நீள்கிறது, தலை எந்தப் பக்கம் அசைகிறது, இதுதான் அவர்களுக்கு உண்மை.

நீலமேகம் பார்த்த உண்மை: வாய் வேண்டாம் என்கிறது, தலை வாங்கு வாங்கு என்கிறது. யாரோ இந்த நல்ல மனிதரின் வாயை மிரட்டி வைத்திருக்கிறார்கள். யார்? கோதண்டமாகத்தான் இருக்கும். கோதண்டம் என்பவன் மேல்கரைக் கொழுத்த தவளை, இரண்டு வருஷமாகக் குவளை வீட்டுப் பக்கமாகவே பார்த்து உட்காருகிறவன். நல்ல சாமான்களெல்லாம் மற்றவர்கள் கைக்குப் போகக் கூடாது என்று அவன்தான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

சந்தேகம் தீர நேராகவே வேலிக்குப் போய்விட்டான்.

"அண்ணே, அந்த மைக்கை வாங்கலாமாண்ணே?"

"வேண்டாம் தம்பி" என்றார் சபாபதி. தலை ஆடியது.

"சுவத்துல ஒட்டுற அந்த ஃபோம்?"

"அதெல்லாம் தண்டம். உன் வீடு ஈரம், நாலு நாள்ல ஊறிப்போயிடும். வாங்காத." தலை ஆடியது.

"எட்டு மைக் சொருகுற பெட்டி?"

"உனக்கு எத்தனை வாய்ப்பா? ஒண்ணுதானே? அப்புறம் எட்டு எதுக்கு?" தலை பலமாக ஆடியது.

நீலமேகம் குரலைத் தாழ்த்தினான். "புரியுதுண்ணே. பக்கத்துல ஆள் இருக்காங்க. நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"டேய், எனக்குத் தலை தானா ஆடுதுடா. எங்கப்பாவுக்கும் ஆடுச்சு. எங்க தாத்தாவுக்கும் ஆடுச்சு."

"மூணு தலைமுறையா மிரட்டுறானுங்களா" என்று நீலமேகம் கண்கலங்கிப் போனான். "உங்க தைரியத்தை என் உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேண்ணே." சபாபதி மரத்தில் முட்டிக்கொண்டார். முட்டிக்கொண்டபோதும் தலை ஆமாம் ஆமாம் என்றுதான் ஆடியது.

ஏழு சாமான்களையும் வரவழைத்தான். பருவம் முழுவதற்கும் சேர்த்து வைத்திருந்த ஈசல் அத்தனையும் அதற்கே போயிற்று. கூரியர்காரர் ஆமை. அதனால் சாமான் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகையில் பாதியும் போய்விட்டது. மின்சாரத்துக்கு எங்கே போனான் என்று உங்களில் ஒருவர் கேட்கிறார். ஐயா, தவளை பேசியதை ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டீர்கள், மின்சாரத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

மைக்கை முதலில் மாட்டினான். பாடினான். போட்டுக் கேட்டான். பக்கத்து வளை நண்டு தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. மீன் கொட்டாவி விட்டது விழுந்திருந்தது. பாசி வளர்கிற சத்தம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. தன் குரல் எங்கே என்று தேடினான். தூரத்தில், யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து விக்குவது போல ஏதோ கேட்டது.

சரி, ஃபோம் ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்று நான்கு சுவரிலும் ஒட்டினான். அது வெளிச்சத்தத்தை விட்டுவிட்டு வீட்டு ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் சொதசொதவென்று ஊறிப்போய்த் தரை காய்ந்துவிட்டது. தோல் வறண்டு இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தான். பிறகு சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டான்.

ஹெட்ஃபோன் காதில் மாட்டுவது. தவளைக்குக் காதுமடல் கிடையாது. நழுவி நழுவி விழுந்தது, கடைசியில் அதன்மேல் உட்காரப் பழகினான், மெத்தென்று இருந்தது. எட்டு ஓட்டைப் பெட்டியில் ஒன்றில் மைக்கைச் சொருகினான். மீதி ஏழிலும் நண்டின் மாமியார் வீட்டார் குடிவந்துவிட்டார்கள். ஸ்டூடியோ ஸ்பீக்கரில் ஒரு தடவை ஒரே ஒரு 'கொறக்' போட்டுப் பார்த்தான். வாசலில் காத்திருந்த சாரைப்பாம்பு, இவ்வளவு பெரிய தவளையா என்று மிரண்டு அடுத்த காட்டுக்கே போய்விட்டது. ஏழையும் சொல்லிக்கொண்டிருக்க இது மளிகைச் சீட்டு இல்லை, ஆனால் சுருதி திருத்தும் மென்பொருளை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அது அவன் பாட்டைக் கேட்டது. யோசித்தது. அங்கங்கே இழுத்துத் தட்டிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தது. கேட்டால் குயில். அச்சு அசல் குயில். நீலமேகம் தன் வீட்டில் ஏதோ பறவை புகுந்துவிட்டது என்று பயந்து பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

கார்த்திகை கடைசி நாள் வந்தது. மணி நான்கு. நீலமேகத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு பதிவு. காலையில் எடுத்தது. இரண்டு நிமிஷம். அதில் அவன் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தான், கடைசி நடுக்கம் உட்பட. போட்டுக் கேட்டபோது ஊரே அதில் இருந்தது, அவன் மட்டும் இல்லை. கைபேசியில் மறுபடி எடுத்திருக்கலாமே என்பீர்கள். கைபேசியில் அந்த மென்பொருள் ஏறி உட்கார்ந்து ஒரு துளி இடம் மிச்சம் வைக்கவில்லை. அழித்தால் அழிய மாட்டேன் என்றது.

மூன்று வருஷமாக அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அவள் தன்னைக் கேட்க வேண்டும் என்பது. அந்த ஒன்றையும் தானே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. கொடுக்காமலே இருந்துவிடலாமா என்று யோசித்தான். பிறகு, கொடுக்காவிட்டால் அவளுக்குத் தன் பெயர்கூடத் தெரியாதே என்று எண்ணி, ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அலமேலுவின் கல்லில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் ஆற அமர உட்கார்ந்தார்கள். ஆண்கள் பத்தடி தள்ளி இலை மறைவில் இருந்தார்கள். அலமேலு தன் கைபேசியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். கோதண்டமும் சபாபதியின் வாயைக் கேட்காத தவளைதான், ஆனால் சோம்பேறி. எதுவும் வாங்கச் சோம்பல்பட்டு, கைபேசியையே வைத்துக்கொண்டு தாமரை இலைக்குக் கீழே உட்கார்ந்து பாடியிருந்தான். மணிமணியாக விழுந்திருந்தது. பெண்கள் தலையசைத்தார்கள். "கணீர்னு இருக்குல்ல" என்று ஒருத்தி சொன்னாள். கோதண்டம் இலைக்குப் பின்னால் கன்னத்தை உப்பிக்கொண்டான்.

"அடுத்து நீலமேகம்" என்றாள் அலமேலு.

நீலமேகம் இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பதிவு ஓடத் தொடங்கியது. நண்டு இருமியது. எங்கோ சொட்டு விழுந்தது. அதன்பிறகு ஒரு சத்தம். ஙொய்ய்ய்ய்ய்ய். மெலிசாகத் தொடங்கி, கனத்து, இரண்டாகி, நூறாகி, ஆயிரமாகி, இரண்டு நிமிஷமும் நிற்காமல் ஒலித்தது.

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி எச்சில் விழுங்கினாள். ஒருத்தியின் நாக்கு தானாக வெளியே வந்து கைபேசியில் ஒட்டிக்கொண்டது. குவளை எழுந்து நின்றாள்.

"அத்தே, இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அலமேலுவிடம்.

மூன்று தடவை போட்டார்கள். பிறகு அலமேலு படிவத்தை எடுத்து விலாசத்தைப் பார்த்தாள். "பையன் வீடு தெக்குக்கரை கல்லிடுக்கு. நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம். மாப்பிள்ளை வீடு பார்க்காம பேச்சு முடிக்க முடியாது."

நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என் தப்புதான். ஏழு சாமான்களும், மென்பொருள் உட்பட, ஏழு தெர்மோகோல் பெட்டியில் வந்தன. நீலமேகம் சாமான்களை எடுத்துக்கொண்டு பெட்டிகளை அப்படியே வாசலில் போட்டுவிட்டான். கார்த்திகை மழை. ஏழு பெட்டியிலும் தண்ணீர். ஊரில் சுகாதாரத்துறை ஆட்கள் பார்த்திருந்தால் மருந்து அடித்துவிட்டுச் சண்டை பிடித்திருப்பார்கள், காட்டில் அதற்கு ஆள் இல்லை. மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்த நீலமேகம் பதினைந்து நாளாக ஒரு கொசுகூடச் சாப்பிடவில்லை. அவை பெருகின. பெருகியவை பெருகின.

பெண்கள் வந்து பார்த்தார்கள். பெட்டிக்குப் பெட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிந்தது. மேலே கருமேகம் மாதிரி கொசுக்கூட்டம் சுற்றியது. அலமேலு ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல கனம். நாலஞ்சு வருஷத்துக்கு ஒழுகாது" என்றாள். உள்ளே போயும் மைக்கையோ எட்டு ஓட்டைப் பெட்டியையோ ஒருத்தியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர் ஃபோமில் கை வைத்த ஒருத்தி, சுவருக்கெல்லாம் மெத்தை போட்டிருக்கிறான் பார், பெண்டாட்டியைத் தாங்குகிற பையன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பின்னாலேயே வந்த கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. "அலமேலும்மா, இவன் பதிவுல பாட்டே இல்லையே. இது என்ன நியாயம்?"

"பாட்டு சோறு போடுமா? உன் வீட்டுக்கும்தான் போன வருஷம் வந்தேன். துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு ஈ உண்டா?" கோதண்டம் கன்னத்தை இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

எல்லோரும் பேசி முடித்துக் கிளம்பினார்கள். குவளை மட்டும் வாசலில் நின்றாள். மூன்று வருஷத்தில் நீலமேகம் இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்ததில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டே விடுவது என்று துணிந்தான்.

"என் குரல் எப்படி இருந்துச்சு?"

குவளை ஒரு கொசுவை விழுங்கினாள். இன்னொன்றை விழுங்கினாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அதுல உங்க குரலும் இருந்துச்சா?"

நீலமேகத்துக்குச் சுருக்கென்றது. ரொம்ப வலித்தது. ஆனால் அவள் அதை மனதார, கொஞ்சமும் வஞ்சனை இல்லாமல் கேட்டாள், அடுத்த கொசுவுக்காக அவன் பக்கமாகவே இன்னும் ஓர் அடி நகர்ந்தும் வந்தாள். அவனுக்கு வலியும் இருந்தது, மேலே மேலே குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"இப்பப் பாடட்டுமா? மைக் இல்லாம, சும்மா. நீங்க மட்டும் கேக்குற மாதிரி."

"தாராளமாப் பாடுங்க" என்றாள் குவளை. "ஆனா சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டுப் பாடுங்க. இந்தப் பக்கம் பாடினா கொசு கலைஞ்சிடும்."

நீலமேகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கன்னத்தை உப்பி, அடித்தொண்டையில் தொடங்கி, கடைசி நடுக்கம்வரை ஒன்று விடாமல் பாடினான். அவன் இதுவரை பாடியதிலேயே அதுதான் நல்ல பாட்டு. ஊறிய ஃபோம் அதை முழுசாகக் குடித்துக்கொண்டது. பின்னால் குவளை வயிறாரச் சாப்பிடும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

நீதி: வீட்டில் ஒலிப்பதிவு தொடங்குகிறவர்கள் மைக்கின் தரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வருகிற பெட்டியில் தண்ணீர் தேங்குமா என்று மட்டும் பார்த்து வாங்கவும்.